பிரேக் கட்டையும் தமிழ் உரைநடையும்

கவிதை, நாவல், திறனாய்வு ஆகியவற்றையே எதிர்பார்த்து வரும் வாசக அன்பர்கள் இன்று சற்றுப் பொறுமை காட்ட வேண்டும். நாம் எழுதப்போவது விரல் நீளமுள்ள ஒரு ரப்பர்த் துண்டைப் பற்றி. சைக்கிள் கடைகளில் அதற்குப் பெயர் பிரேக் கட்டை. அது தேய்ந்தால் எப்படி மாற்றுவது என்பதை, இருபதாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்துவரும் நாம், நாற்பது வயதைக் கடந்த பின்னரே கற்றுக்கொண்டோம். கற்றபோது நம் துறையைப் பற்றியும் ஒன்று புலப்பட்டது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

எண்ணூரில் கடலோரமாகத் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என மீனவர் ஊர்கள் உள்ளன. ஒருபுறம் கடல், மறுபுறம் கொசஸ்தலையாற்றின் கழி. சுற்றிலும் அனல் மின் நிலையங்கள், துறைமுகங்கள், தொழிற்சாலைகள். ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மீன் வாங்கும் பொருட்டுத் திருவொற்றியூரிலிருந்து மிதிவண்டியில் நெட்டுக்குப்பம் நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். முன்னே சென்ற கன்டெய்னர் லாரி ஒன்று, முன்னறிவிப்பின்றி ஓரம் ஒதுங்கி நின்றது. இரண்டு பிரேக்கையும் ஒருசேர இறுக்கினோம். பிடிகள் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு வந்தன. இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்டது. வண்டி நிற்கவில்லை. இரு கால்களையும் தரையில் ஊன்றித் தேய்த்து, லாரியின் பின்கட்டைக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றோம். செருப்பு அறுந்தது. வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு முழம் இன்றும் நம் கனவில் வருகிறது.

வண்டியைத் தள்ளிக்கொண்டே நெட்டுக்குப்பத்தில் தகரக் கூரையிட்ட ஒரு சைக்கிள் கடையை அடைந்தோம். கடைக்காரப் பெரியவர் வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தார். பிரேக் கட்டையில் ரப்பர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ரப்பரைப் பற்றியிருந்த தகட்டின் விளிம்பு ரிம்மில் உரசி, சக்கரம் முழுவதும் ஒரு கோடு கிழித்திருந்தது.

“இன்னா சார் இது, வாத்தியார்னு சொல்றீங்க. கட்டை தேஞ்சி எத்தினி நாளாச்சி! தகடு ரிம்ம தின்னுகினு கீது, உங்க காதுல வுழலியா?” என்றார்.

விழுந்தது. மழைக்காலத்து ஓசை என்று எண்ணி விட்டிருந்தோம்.

அவர் புதுக்கட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணொருத்தி தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பள்ளியில் வழங்கப்பட்ட மிதிவண்டி. முழங்கையில் கட்டு. கையில் பிரேக் கட்டையின் ரப்பர் ஒன்று, உறையிலிருந்து கழன்று தனியாக.

“நானே மாத்துனேன் தாத்தா. மறுநாளே பாலத்துல எறங்குறப்போ பிரேக் புடிச்சேன். ரப்பர் மட்டும் பிச்சிக்கிச்சி. நான் வுழுந்துட்டேன்” என்றாள்.

பெரியவர் வண்டியைப் பார்த்தார். கட்டையைத் திருப்பிப் பொருத்தியிருந்தாள். ரப்பரைப் பற்றும் தகட்டு உறைக்கு ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருக்கும். திறந்த முனை முன்னோக்கி இருந்தது.

“மூடுன பக்கம் முன்னால வரணும் பாப்பா. ஏன்னா, பிரேக்கப் புடிச்சா ரிம்மு கட்டைய முன்னால இஸ்த்துகினு போவும். மூடுன பக்கம் முன்னால இருந்தா ரப்பர் அதுல முட்டிகினு நிக்கும். தொறந்த பக்கம் இருந்தா? வழுக்கிகினு பூடும். தோ, உன் கையிலயே கீது பாரு.”

கட்டை வந்த உறையை அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். சிறிய ஆங்கில எழுத்தில் நான்கு வரியும், ஓர் அம்புக்குறியும் இருந்தன. அம்பு எதைக் குறிக்கிறது என்பது அந்நான்கு வரிகளுள் ஒன்றில் இருந்தது. அவள் அம்பைப் பார்த்தாள், வரியைப் படிக்க இயலவில்லை. தமிழில் ஒரே ஒரு வாக்கியம் இருந்திருந்தால் அந்தக் கை அடிபட்டிருக்காது. ‘மூடிய முனை முன்புறம் இருக்க வேண்டும்’: ஐந்தே சொற்கள்.

அந்த ஐந்து சொற்களை எழுத வேண்டியவர் யார் என்பதே நம் கேள்வி.

அவ்வாரம் நாம் வகுப்பில் நன்னூலின் பாயிரம் நடத்திக்கொண்டிருந்தோம். காண்டிகையுரை என்பது கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை ஆகியவற்றைக் கொண்டு சூத்திரத்தின் உட்பொருளைத் தோற்றுவிப்பது என்று மாணவர்க்குச் சொல்லியிருந்தோம். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவர்களுள் எவருக்கும், நமக்குங்கூட, அது உயிருள்ள ஒன்றாகத் தோன்றவில்லை. நெட்டுக்குப்பத்துத் தகரக் கூரையின்கீழ் அவ்வைந்தும் ஒரு மூச்சில் நிகழக் கண்டோம். ‘மூடிய பக்கம் முன்னால்’ என்பது கருத்து. ‘ஏன்னா’ என்று தொடங்கியதற்கும் பழைய உரையாசிரியர்களின் ‘என்னையெனின்’ என்பதற்கும் வேறுபாடு ஓசையில் மட்டுமே. ‘தொறந்த பக்கம் இருந்தா?’ என்பது வினா; ‘வழுக்கிகினு பூடும்’ என்பது விடை. கழன்ற ரப்பர் காட்டு. பதப்பொருளை விரலால் தொட்டுக் காட்டினார். தமிழ் உரைநடையின் மிகப் பழைய வடிவமாகக் கருதப்படும் இறையனார் களவியல் உரையிலிருந்து இன்றுவரை நாம் எந்த முறையைப் போற்றி வருகிறோமோ, அம்முறை அழியாமல் இருக்கிறது. அது நம் வகுப்பறையில் இல்லை என்பதுதான் வருத்தம்.

ஒரு மறுப்பை நாமே எழுப்பிக்கொள்வோம். ‘சைக்கிள் பழுதுபார்ப்பது கைத்தொழில். அதை எழுதுவது இலக்கியம் கற்றவர் வேலையா?’ தமிழ் மரபு இக்கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை. மனையடி சாத்திரம் இருக்கிறது. மாட்டு வாகடம் இருக்கிறது. மரக்கலம் கட்டுவதைச் சொல்லும் ‘கப்பல் சாத்திரம்’ என்னும் தமிழ் நூலைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950ஆம் ஆண்டு பதிப்பித்தது. மரம் தேர்வது முதல் அளவு குறிப்பது வரை செய்யுளில் சொல்ல முனைந்தவர்கள் நம் முன்னோர். பின்வந்த காலத்தில் வழக்கறிஞராகிய பெ.நா. அப்புஸ்வாமி (1891–1986) அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிவியலைத் தெளிந்த தமிழில் எழுதினார். அணுவும் விண்மீனும் தமிழில் வந்தன. அன்றாடம் கையாளும் கருவிகளின் பழுது மட்டும் தமிழ் எழுத்தில் ஏறவில்லை.

சைக்கிள் நமக்குப் புதிதுமன்று. 1949இல் நிறுவப்பெற்ற டி.ஐ. நிறுவனத்தின் அம்பத்தூர்த் தொழிற்சாலையில் உருவான ஹெர்குலிஸ் வண்டிகளில்தான் நம் தந்தையார் தலைமுறை வேலைக்குச் சென்றது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றனர். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியது உலகெங்கும் படிக்கப்பட்டது. சைக்கிள் பழகச் சொல்லித் தமிழில் பாட்டே பிறந்தது. 2001இல் பட்டியல் இன, பழங்குடி மாணவியர்க்கென்று தமிழக அரசு தொடங்கிய மிதிவண்டித் திட்டம், சில ஆண்டுகளுக்குள் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேனிலை வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்குமாக விரிந்தது. ஆக, ஓட்டுவதற்கு வண்டி கொடுத்தோம், பாட்டும் கொடுத்தோம். நிறுத்துவதற்கு ஒரு பக்க உரைநடை கொடுக்கவில்லை.

‘சைக்கிள் காலம் முடிந்துவிட்டதே’ என்பாரும் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1990களில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோது மக்களைச் சுமந்தது சைக்கிள். 2022இல் இலங்கையில் எரிபொருள் கிட்டாமற்போனபோதும் அதுவே வீதிக்குத் திரும்பிற்று. அவ்வளவு தொலைவு போக வேண்டாம். காலை எட்டு மணிக்கு எண்ணூர்ச் சாலையில் நின்றால் போதும். பள்ளிப் பிள்ளைகள், வலைக்குப் போகிறவர்கள், ஆலைக்குப் போகிறவர்கள், மீன் கூடையைப் பின்னால் கட்டியவர்கள் எல்லோரும் சைக்கிளில் செல்கிறார்கள். சென்னைத் துறைமுகம் ஒருபுறம். 2001இல் தொடங்கப்பெற்று இப்போது காமராசர் துறைமுகம் என வழங்கும் எண்ணூர்த் துறைமுகம் மறுபுறம். அவற்றின் சரக்கைச் சுமக்கும் கன்டெய்னர் லாரிகள் இடையே. நிறை சுமை ஏற்றிய அவ்வண்டி, ஓட்டுநர் எவ்வளவு நல்லவராயினும், நினைத்த இடத்தில் நிற்க இயலாது. அவ்விடத்தில் சைக்கிள்காரர் நம்பக்கூடிய பிரேக் ஒன்றே. அது தம் கையில் இருப்பது.

கட்டை விரைவில் தேய்வதற்கு இந்நிலம் தரும் காரணங்களும் உண்டு. கடற்கரை மணல் ஒன்று. 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையமும், இன்றும் இயங்கும் வடசென்னை அனல் மின் நிலையமும் நிலக்கரி எரித்துக் கழித்த சாம்பல் மற்றொன்று. இச்சாம்பலில் சிலிக்கா மிகுதி. மணலோ சாம்பலோ ரப்பருக்கும் ரிம்முக்கும் இடையே புகுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போலாகும். உப்புக்காற்றில் எஃகு ரிம் துருவேறிச் சொரசொரக்கும். அது ரப்பரை அராவும். மழையில் நனைந்த எஃகு ரிம்மிலோ ரப்பரின் பிடிப்பு பெரிதும் குறைந்துவிடும். வெயிலில் ஐந்தடியில் நின்ற வண்டி மழையில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆதலால் உள்நாட்டு ஊரொன்றில் ஆண்டுக்கணக்கில் வரும் கட்டை நெட்டுக்குப்பத்தில் அவ்வளவு காலம் வருவதில்லை என்கிறார் பெரியவர்.

இனி, எழுத வேண்டியதை எழுதுவது நம் கடன். பெரியவர் செய்யக் கண்டும், பின்னர் நாமே நான்கு முறை செய்து பார்த்தும் எழுதியது பின்வருவது. ரிம்மின் இரு பக்கங்களையும் கட்டைகள் கவ்விப் பிடிக்கும் கேபிள் பிரேக்கைக் கருதியே இது எழுதப்பட்டது. பழைய கறுப்பு வண்டிகளின் கம்பி பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தைக் கீழிருந்து மேலாகத் தொடும். அதற்கும் கொள்கை ஒன்றே.

முதலில் தேய்மானம் அறிதல். புதுக்கட்டையின் முகத்தில் குறுக்கே பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அப்பள்ளங்கள் மறைந்தால் கட்டை மாற்ற வேண்டும். பிடி ஹேண்டில்பாரை நெருங்குவதும், பிரேக் பிடிக்கையில் இரும்பு ஓசை கேட்பதும் அறிகுறிகள். ஓசை கேட்ட பின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. தகடு ரிம்மைக் கிழித்தால் சில பத்து ரூபாயில் முடியும் செலவு ரிம்மின் விலையாகிவிடும்.

அடுத்து வாங்குதல். பழைய கட்டையைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்க. அளவும் திருகு நீளமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு சக்கரத்தின் இரு கட்டைகளையும் சேர்த்தே மாற்றுக. ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் பிடிப்பு ஒருபக்கமாக இழுக்கும்.

மாற்றுமுன் ரிம்மைத் துடைத்தல். ஈரத்துணியால் துடைத்து உலர விடுக. ரிம்மில் எண்ணெய் படவே கூடாது. சங்கிலிக்கு விட்ட எண்ணெய் கையில் இருக்கும்போது கட்டையின் முகத்தைத் தொடாதிருக்க. சக்கரத்தைச் சுழற்றி, அது நேராகச் சுழல்கிறதா என்றும் பார்க்க. பக்கவாட்டில் ஆடினால் முதலில் கோட்டம் எடுக்க வேண்டும். கோட்டம் உள்ள சக்கரத்தில் எக்கட்டையும் சமமாகப் பிடிக்காது.

கழற்றுதல். கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகை உட்புறமாகத் திருகினால் கேபிள் தளரும். பின்னர்க் கட்டையின் நட்டைக் கழற்றுக. பெரும்பாலான வண்டிகளுக்குப் பத்தாம் எண் ஸ்பேனர் போதும். நட்டு, வாஷர் ஆகியவை எந்த வரிசையில் கழன்றனவோ அந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி வைக்க. மீண்டும் அவ்வரிசையிலேயே ஏற வேண்டும்.

பொருத்துதல். கட்டையின் உறையில் மூடிய முனை ஒன்று, திறந்த முனை ஒன்று இருந்தால், மூடிய முனை சக்கரம் சுழலும் திசையில், அதாவது முன்புறம், இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ரிம் ரப்பரை அத்திசையில் இழுப்பதே காரணம். உறையில் அம்புக்குறி இருந்தால் அதுவும் இத்திசையையே காட்டும்.

உயரம் பார்த்தல். பிடியை அழுத்தினால் கட்டையின் முகம் முழுவதும் ரிம்மின் மேலேயே படிய வேண்டும். மேலேறி டயரைத் தொட்டால் டயரின் பக்கச்சுவரை அறுத்துவிடும். ஓடும்போது டயர் வெடிக்கும். கீழிறங்கி ரிம்மை விட்டு வழிந்தால், தேயத் தேய அந்த விளிம்பு உதடு போல் வளர்ந்து ஒருநாள் ரிம்முக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

சாய்வு வைத்தல். கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொட்டு, பின்முனை பிறகு தொட வேண்டும். இல்லையேல் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கிறீச்சிடும். கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் இடையே ஓர் அட்டையைச் செருகி, பிடியை அழுத்திப் பிடித்தபடி நட்டை இறுக்கி, பின் அட்டையை உருவினால் இச்சாய்வு தானே அமையும்.

முடித்தல். கேபிள் திருகை வெளிப்புறமாகத் திருப்பி, பிடி பாதி தூரம் வருமுன் கட்டை ரிம்மைத் தொடுமாறு அமைக்க. பிடியை விட்டால் சக்கரம் எதிலும் உரசாமல் சுழல வேண்டும். வண்டியில் ஏறுமுன், நின்றபடியே இரு பிரேக்கையும் முழு வலிமையோடு பலமுறை அழுத்திப் பார்க்க. வண்டியை முன்னே தள்ளினால் சக்கரம் அசையக் கூடாது. நட்டு மறுபடி தளர்ந்ததா என்று பார்க்க. பின்னர் ஆளில்லாத இடத்தில் மெல்ல ஓட்டி நிறுத்திப் பழகுக. புதுக்கட்டை ரிம்மோடு இசைய ஓரிரு நாள் ஆகும்.

ஒரு குறிப்பு. முன்பிரேக்கைப் பிடித்தால் கவிழ்ந்துவிடுவோம் என அஞ்சிப் பின்பிரேக்கை மட்டுமே பிடிப்போர் பலர். வண்டி நிற்கும்போது பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய்வதால், நிறுத்தும் வலிமை முன்பிரேக்குக்கே அதிகம். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துவதே முறை. மழையில் வழக்கத்தைவிட முன்னதாகவே மெல்ல அழுத்தி ரிம்மின் நீரை வழித்துவிட்டுப் பின் இறுகப் பிடிக்க வேண்டும்.

இவ்வளவுதான். இதை எழுதப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டுவதில்லை. ஆயினும் எழுதும்போது நாம் பட்ட பாடு சிறிதன்று.

முதல் இடர் சொல். ‘பிரேக் கட்டை’ என்று எழுதலாமா, ‘தடுப்புக் கட்டை’ என்பதா, ‘நிறுத்தி’ என்பதா? நம்முள் இருக்கும் தமிழாசிரியர் பின்னிரண்டையே விரும்பினார். ஆனால் எண்ணூர்க் கடையில் போய் நிறுத்தி கேட்டால் கடைக்காரர் நம்மைத்தான் நிறுத்தி வைத்து ஏறிட்டுப் பார்ப்பார். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை வகுத்தபோது திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் வைத்தார். செய்யுளுக்கே இசைந்த ஒன்றை ஒரு பிரேக் குறிப்புக்கு மறுப்பது முறையன்று. மேலும், கடைத்தமிழ் முழுதும் கடன் தமிழ் என்று எண்ணுவது நம் அறியாமை. ‘கோட்டம் எடுத்தல்’ என்பதைப் பாருங்கள். வளைந்த சக்கரத்தைக் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் நேராக்குவதற்குக் கடைக்காரர் வழங்கும் சொல் அது. திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தில் சொல்லின் வளைவுக்கும் மனத்தின் வளைவுக்கும் வள்ளுவர் ஆண்ட சொல்லும் அதுவே. நாம் அச்சொல்லுக்குப் பொருள் எழுதச் சொல்லி மதிப்பெண் போடுகிறோம். பெரியவர் அதை எடுத்துக் கூலி வாங்குகிறார். எவரிடம் அச்சொல் நலமாக இருக்கிறது என்பதை அன்பர்கள் முடிவு செய்யலாம்.

இரண்டாம் இடர் நம் நடை. இதை எழுதிய தாளை அடுத்த ஞாயிறு கடைக்கு எடுத்துச் சென்றோம். பெரியவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவே பழக்கம். அன்று முழங்கைக் கட்டு அவிழ்ந்து வந்திருந்த அந்தப் பெண் உரக்கப் படித்தாள். அவர் சக்கரம் ஒன்றைத் திருகிக்கொண்டே கேட்டார். ‘சாய்வு வைத்தல்’ என்னும் பகுதியில் முதற்படியில் ‘முன்முனை சற்றே முன்னதாகத் தொட வேண்டும்’ என்று எழுதியிருந்தோம்.

“சற்றேன்னா எவ்ளோ சார்?” என்றார்.

நாம் விழித்தோம். ‘சற்றே’ என்பதை எத்தனை கட்டுரைகளில் எழுதியிருக்கிறோம்! ஒருவரும் எவ்வளவு என்று கேட்டதில்லை.

“கல்யாணப் பத்திரிகைய ரெண்டா மடிச்சா எவ்ளோ கனமோ, அவ்ளோன்னு போடுங்க சார். அது எல்லார் வூட்லயும் கீது” என்றார்.

அட்டை என்று மேலே எழுதியிருக்கும் இடத்தில் கடையில் ஒட்டிய தாளில் அவ்வாறே மாற்றிவிட்டோம். அது மட்டுமன்று. ‘தக்கவாறு’, ‘ஓரளவு’, ‘உரிய முறையில்’ என நாம் இட்டிருந்த ஏழெட்டுச் சொற்கள் அன்று விழுந்தன. ஒவ்வொன்றும் நமக்குத் தெரியாத ஒன்றை மூடி மறைத்த சொல் என்பது அவர் கேட்கக் கேட்கத்தான் விளங்கிற்று. நம் திறனாய்வுக் கட்டுரைகளையும் அவரிடம் படித்துக் காட்டினால் எத்தனை வரி எஞ்சும் என்று எண்ணிப் பார்த்தோம், துணிவு வரவில்லை.

காணொளிகள் பெருகிவிட்ட இந்நாளில் எழுத்து எதற்கு என்று சிலர் கேட்பர். காணொளி நன்று, கை போகும் வழியை எழுத்தைவிட நன்றாகக் காட்டும். அந்தப் பெண்ணும் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். அதில் கட்டையை மாட்டுவது தெரிந்ததாம். எந்த முனை முன்னால் என்பது கையின் மறைவில் போய்விட்டது. ஏன் என்பதைக் காட்சி தானே சொல்லிவிடாது. அதைச் சொல்ல மொழி வேண்டும். அதை நன்கு சொல்ல உரைநடை தேற வேண்டும்.

ஆதலால் நாம் வேண்டுவன இரண்டு. பள்ளியில் வழங்கும் ஒவ்வொரு மிதிவண்டியோடும் இத்தகைய தமிழ்த்தாள் ஒன்று, கடைக்காரர் ஒருவர் கேட்டு ஒப்பிய தமிழில், செல்ல வேண்டும். மேனிலை வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஆண்டுக்கு ஒருமுறையேனும், மாணவர் தம் வீட்டுக் கருவி ஒன்றின் பழுதுநீக்கத்தை ஒரு பக்கம் எழுதி, அதைப் படித்து இன்னொரு மாணவர் அவ்வேலையைச் செய்து காட்ட வேண்டும். வேலை நடந்தால் மதிப்பெண். நடக்காவிட்டால் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். உரைநடைக்கு இதைவிட நேர்மையான தேர்வு நமக்குத் தோன்றவில்லை.

நம் கல்லூரி வகுப்பில் இவ்வாண்டு இதைச் செய்து பார்த்தோம். முப்பத்திரண்டு பேரில் ஐவர் எழுதியவைதான் முதல் முறையிலேயே தேறின. அவ்வைவருள் நால்வர் வழக்கமாகத் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்குபவர்கள். ஸ்டவ் திரி மாற்றுவதை எழுதிய மாணவியின் தாளில் ஒற்றுப்பிழை பதினொன்று இருந்தன; திரி எரிந்தது. பிழைகளைத் திருத்திக் கொடுத்தோம். அவற்றைத் திருத்துவது நம் வேலை, அதில் ஐயமில்லை.

தாள் இப்போது நெட்டுக்குப்பத்துக் கடையின் தகரச் சுவரில், ஸ்பேனர்களுக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. சென்ற வாரம் பார்த்தபோது ‘மூடிய முனை’ என்ற இடத்தில் கிரீஸ் படிந்த விரல் அடையாளம் ஒன்று இருந்தது. யாரோ தொட்டுக் காட்டியிருக்கிறார்கள். பெரியவர் அடுத்ததாகச் சங்கிலி மாற்றுவதை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் நாம் மாற்றிப் பழக வேண்டும் என்பது அவர் நிபந்தனை.